ஒரு செய்திக்கு ஓர் இடம்: உறவுசார் தரவுத்தளத்தின் அடிப்படைகள்

தலைப்பில் 'தரவுத்தளம்' என்ற சொல்லைக் கண்டதும் இது கணினித் துறையினருக்கு மட்டுமே உரிய கட்டுரை என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மில் சட்டம் படிப்பவர் உண்டு. மருத்துவம் படிப்பவர் உண்டு. இந்திய ஆய்வியல் படிப்பவரும் உண்டு. எத்துறையினராக இருந்தாலும், பேரவையில் ஒரு பொறுப்பை ஏற்ற மறுநாளே நம் கைக்கு வந்து சேர்வது ஒரு பட்டியல்தான். உறுப்பினர் பட்டியல், கலை விழா நுழைவுச்சீட்டுப் பட்டியல், இரவல் போன நூல்களின் பட்டியல், வார இறுதி வகுப்பிற்கு வரும் பிள்ளைகளின் பட்டியல் எனப் பலவாறாக அவை நீளும். பட்டியல் வளர வளர அதனுள் பிழையும் சேர்ந்தே வளர்கிறது. இப்பிழைகள் ஏன் வருகின்றன, எவ்வாறு தடுக்கலாம் என்பதற்கு 50 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நிற்கும் விடை ஒன்று உண்டு. அதுவே உறவுசார் தரவுத்தளம்.

நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பயின்றவள். இடைநிலைப்பள்ளியில் 'பங்காலான் டாத்தா' என்று மலாய் மொழியில் அறிமுகமான பாடம் பல்கலைக்கழகத்தில் 'டேட்டாபேஸ்' என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தது. அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோது அதன் உட்பொருள் எனக்கு இன்னும் தெளிவாகியது. அத்தெளிவை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியலில் பிழை எவ்வாறு நுழைகிறது?

பேரவை மாணவர்கள் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்துவது நமக்குப் பழக்கமான ஒன்று. அத்தகைய வகுப்பின் பதிவேட்டை எக்செல் தாளில் வைத்திருப்பதாகக் கொள்வோம். கீழே உள்ள பள்ளிகளின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் கற்பனையே.

மாணவர் – பள்ளி – ஊர் – தொலைபேசி – பாடம் – பயிற்றுநர்
1. கவிதா – ஆற்றோரம் தமிழ்ப்பள்ளி – கிள்ளான் – அம்மாவின் பழைய எண் – கணிதம் – நளினி
2. கவிதா – ஆற்றோரம் த.பள்ளி – கிள்ளான் – அம்மாவின் புதிய எண் – தமிழ் – குமரன்
3. கவிதா – எஸ்.ஜே.கே.தி. ஆற்றோரம் – கிள்ளான் – அம்மாவின் பழைய எண் – அறிவியல் – மலர்
4. முகிலன் – எஸ்.ஜே.கே. ஆற்றோரம் – கிள்ளாங் – அம்மாவின் பழைய எண் – கணிதம் – நளினி
5. யாழினி – மலையடித் தமிழ்ப்பள்ளி – காஜாங் – பாட்டியின் எண் – கணிதம் – நளினி

கவிதாவும் முகிலனும் உடன்பிறந்தவர்கள். இருவரும் படிப்பது ஒரே பள்ளியில். ஆனால் அப்பள்ளி நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. 'எத்தனை பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்?' என்று கணினியைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். உண்மையில் இரண்டுதான்.

இத்தாளில் மூன்று வகைச் சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மாற்றும்போது வரும் சிக்கல். கவிதாவின் அம்மா தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டார். தமிழ் வகுப்பின் பயிற்றுநர் தம் வரியில் மட்டும் புதிய எண்ணை எழுதினார். மற்ற மூன்று வரிகளில் பழைய எண்ணே நிற்கிறது. இப்போது தாள் தன்னைத்தானே மறுத்துப் பேசுகிறது. எது உண்மை என்று அதைப் பார்த்துச் சொல்ல இயலாது. இது வெறும் பாடநூல் சிக்கல் அன்று. நான் பயிற்றுநராகச் சென்ற ஒரு வகுப்பில், வகுப்பு இல்லை என்ற செய்தி இவ்வாறுதான் ஒரு பழைய எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. பூட்டிய வாயிற்கதவின் முன்னே ஒரு சிறுமி காலை முழுவதும் காத்திருந்தாள்.

இரண்டாவது, சேர்க்கும்போது வரும் சிக்கல். ஆங்கில வகுப்பு நடத்த ஓர் அக்கா முன்வருகிறார். இன்னும் பிள்ளைகள் யாரும் சேரவில்லை. அவர் பெயரை எந்த வரியில் எழுதுவது? ஒவ்வொரு வரியும் ஒரு மாணவரைக் கேட்கிறது. மாணவர் இல்லையேல் பயிற்றுநருக்கும் இடமில்லை.

மூன்றாவது, நீக்கும்போது வரும் சிக்கல். கவிதா அறிவியல் வகுப்பிலிருந்து விலகிக்கொள்கிறாள். மூன்றாம் வரியை நீக்குகிறோம். அத்துடன் மலர் அறிவியல் நடத்துகிறார் என்ற செய்தியும் காணாமல் போகிறது. ஒன்றை அழிக்கப் போய் மற்றொன்றையும் அழித்துவிடுகிறோம்.

மூன்றுக்கும் வேர் ஒன்றே. ஒரே செய்தி பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பல செய்திகள் ஒரே வரியில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

காட் காட்டிய வழி

1960களின் இறுதியில் பெரிய நிறுவனங்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவின் அப்போலோ விண்வெளித் திட்டத்தின் தேவைக்காக உருவாக்கிய ஐ.எம்.எஸ். போன்ற அமைப்புகள் தரவுகளை மரக்கிளைகளைப் போல அடுக்கி வைத்தன. வேரிலிருந்து எக்கிளை வழியாக இறங்க வேண்டும் என்று அறிந்த நிரலாளர் மட்டுமே தகவலை எடுக்க முடிந்தது. அடுக்கை மாற்றினால் நிரல்களையும் மாற்றி எழுத வேண்டும்.

ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். தரவு எங்கே, எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்துவோரின் கவலையாக இருக்கக்கூடாது என்பதே அவர் வாதம். எல்லாத் தரவையும் எளிய அட்டவணைகளாக வைப்போம், வேண்டியதைக் கேட்போம், தேடும் வழியைக் கணினியே கண்டுகொள்ளட்டும் என்றார். இப்பணிக்காக 1981ஆம் ஆண்டு கணினித் துறையின் மிக உயரிய விருதான டியூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் 2003ஆம் ஆண்டு காலமானார்.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'உறவுசார்' என்பதைக் கேட்டதும் அட்டவணைகளுக்கு இடையிலான உறவையே அது குறிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். காட் அச்சொல்லைக் கணிதத்தின் கணக் கோட்பாட்டிலிருந்து எடுத்தார். அங்கே 'உறவு' என்பது ஒருசேரப் பொருந்தும் மதிப்புகளின் தொகுதி. ஓர் அட்டவணையே ஓர் உறவுதான். 'கவிதா, கணித வகுப்பு' என்ற ஒரு வரி, 'கவிதா கணித வகுப்பில் பதிந்திருக்கிறாள்' என்னும் ஓர் உண்மைக் கூற்றாகும். ஆகவே ஓர் அட்டவணையை வடிவமைக்கும்போது, 'இதன் ஒவ்வொரு வரியும் எந்த வாக்கியத்தைச் சொல்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். வாக்கியம் ஒன்றாக இருந்தால் அட்டவணை நன்று. 'மேலும்', 'அத்துடன்' என்று வாக்கியம் நீண்டுகொண்டே போனால் அட்டவணையைப் பிரிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

பிரித்து வைக்கும் முறை

இவ்வாறு பிரிக்கும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். இதில் மூன்று படிகளை அறிந்தாலே அன்றாடத் தேவைக்குப் போதும். குறுக்கே ஓடுவதை 'வரி' என்றும் நெடுக்கே இறங்குவதைப் 'பத்தி' என்றும் இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

முதற்படி: ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு. கவிதாவின் பாடங்களை 'கணிதம், தமிழ், அறிவியல்' என்று ஒரே கட்டத்தில் எழுதுவது எளிதுதான். ஆனால் அறிவியல் படிப்பவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது அக்கட்டத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கும். 'பாடம் 1, பாடம் 2, பாடம் 3' என்று மூன்று பத்திகளை அமைப்பதும் தீர்வாகாது. நான்காவது பாடம் படிக்க ஒரு பிள்ளை வரும். தாளின் அமைப்பே மாற வேண்டிவரும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு செய்தியும் முழுச் சாவியைச் சார்ந்திருக்க வேண்டும். சாவி என்பது ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் மதிப்பு. மேலே உள்ள தாளில் மாணவரும் பாடமும் சேர்ந்தே ஒரு வரியை அடையாளம் காட்டுகின்றன. ஆனால் தொலைபேசி எண் பாடத்தைச் சார்ந்ததா? இல்லை. கவிதா எப்பாடம் படித்தாலும் எண் ஒன்றே. அதுபோல் நளினி கணிதம் நடத்துகிறார் என்பது கவிதாவைப் பற்றிய செய்தி அன்று. வகுப்பைப் பற்றிய செய்தி. ஆகவே மாணவருக்கு ஓர் அட்டவணை, வகுப்பிற்கு ஓர் அட்டவணை, யார் எந்த வகுப்பில் என்பதற்கு ஓர் அட்டவணை எனப் பிரிகின்றன.

மூன்றாம் படி: ஒரு செய்தி சாவியைத் தவிர வேறொன்றின் வழியாகச் சார்ந்திருக்கக் கூடாது. ஊர் என்பதை எடுத்துக்கொள்வோம். கிள்ளான் என்பது கவிதாவின் ஊரா, பள்ளியின் ஊரா? பள்ளியின் ஊர்தான். எனவே அது மாணவர் அட்டவணையில் இருக்கக் கூடாது. பள்ளி அட்டவணைக்குப் போக வேண்டும்.

இதே கேள்வியைத் தொலைபேசி எண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். அது கவிதாவின் எண்ணா? அவள் அம்மாவின் எண். அதே அம்மாதான் முகிலனுக்கும். ஆகவே பாதுகாவலர் என்று தனி அட்டவணை வேண்டும். இப்போது நம் பதிவேடு இப்படி அமைகிறது:

பள்ளி: பள்ளி எண், பெயர், ஊர்
பாதுகாவலர்: பாதுகாவலர் எண், பெயர், தொலைபேசி
மாணவர்: மாணவர் எண், பெயர், பள்ளி எண், பாதுகாவலர் எண்
பயிற்றுநர்: பயிற்றுநர் எண், பெயர்
வகுப்பு: வகுப்பு எண், பாடம், நேரம், பயிற்றுநர் எண்
பதிவு: மாணவர் எண், வகுப்பு எண், சேர்ந்த நாள்

அம்மாவின் எண் இப்போது ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. மாற்றினால் ஒருமுறை மாற்றினால் போதும். அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்ந்தே மாறிவிடும். பிள்ளைகள் வராத ஆங்கில வகுப்பும் வகுப்பு அட்டவணையில் இடம்பெறலாம். கவிதா அறிவியலை விட்டு விலகினால் பதிவு அட்டவணையில் ஒரு வரி மட்டுமே நீங்கும். மலர் தம் இடத்திலேயே இருப்பார்.

'பதிவு' அட்டவணை சற்று வேறுபட்டது என்பதைக் கவனியுங்கள். ஒரு மாணவர் பல வகுப்புகளில் சேரலாம். ஒரு வகுப்பில் பல மாணவர்கள் இருக்கலாம். இத்தகைய பலருக்குப் பலர் என்ற தொடர்பை இரண்டு அட்டவணைகளுக்குள் அடக்க முடியாது. நடுவே மூன்றாவது அட்டவணை ஒன்று பாலமாக நிற்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அம்மாவும் பாட்டியும் ஆக இரு பாதுகாவலர்கள் இருந்தால் அங்கேயும் இதே போன்ற பாலம் தேவைப்படும். ஆக, அட்டவணைகளை வரையுமுன் அக்குடும்பங்களை அறிந்திருக்க வேண்டும். தரவுத்தள வடிவமைப்பில் பாதி வேலை, கணினியை மூடி வைத்துவிட்டு மனிதர்களைப் பற்றிக் கேள்வி கேட்பதுதான்.

சாவியாக எதை வைப்பது?

ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் ஐயமின்றி அடையாளம் காட்டத் தேர்ந்தெடுப்பது முதன்மைச் சாவி. வேறோர் அட்டவணையின் முதன்மைச் சாவியைச் சுட்டி நிற்பது அயல் சாவி. மாணவர் அட்டவணையில் உள்ள பள்ளி எண் ஓர் அயல் சாவி. இல்லாத பள்ளியின் எண்ணை அங்கே எழுத முயன்றால் தரவுத்தளம் ஏற்காது. மாணவர்கள் இருக்கும்போது அவர்களின் பள்ளியை அழிக்க முயன்றாலும் தடுக்கும். எக்செல் தாள் நாம் எழுதுவதையெல்லாம் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். தரவுத்தளமோ நாம் வகுத்த விதியை நமக்கே நினைவூட்டும்.

முதன்மைச் சாவிக்கு மூன்று தகுதிகள் வேண்டும். இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. வெறுமையாக இருக்கக் கூடாது. அடிக்கடி மாறக் கூடாது.

பெயர் இதற்கு உதவாது. ஒரே வகுப்பில் இரண்டு கவிதாக்கள் இருக்கலாம். மேலும் நம் பெயர்கள் ரோமன் எழுத்தில் ஏறும்போது படும் பாட்டை நாம் அறிவோம். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயருக்கு நம் நாட்டில் எத்தனை எழுத்துக்கூட்டல்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதிவு அலுவலகத்தில் அன்று எழுதியவர் கேட்ட ஒலியே வாழ்நாள் முழுவதும் பெயராக நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று தந்தையின் பெயரோடு சேர்த்தே எழுதுகிறோம். மேல்நாட்டு முறையில் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு பத்திகளாகப் பிரித்த படிவத்தில், கடைசிப் பெயர் என்று தந்தையின் பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அவரை அழைப்போர் அவர் தந்தையையே அழைக்கிறார்கள். முழுப்பெயருக்கு ஒரே பத்தி, அழைக்கும் பெயருக்கு இன்னொரு பத்தி என வைப்பதே நமக்குப் பொருந்தும்.

அப்படியானால் அடையாள அட்டை எண்? 12 இலக்கங்கள், ஒருவருக்கு ஒன்றுதான், மாறுவதும் அரிது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும் அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் காட்டுகின்றன. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இவ்வளவு பொருத்தமான சாவி வேறில்லை என்றே முதலில் தோன்றும்.

இரண்டு காரணங்களால் அதைச் சாவியாக வைக்கலாகாது என்பேன். முதன்மைச் சாவி மற்ற அட்டவணைகளுக்கெல்லாம் அயல் சாவியாகப் பயணம் செய்வது. அடையாள எண் சாவியானால் ஒரு பிள்ளையின் பிறந்த நாளும் பிறந்த மாநிலமும் பாலினமும் வருகைப்பதிவிலும் நுழைந்துவிடும். அச்சிட்டு ஒட்டும் தாள்களிலும் ஏறிவிடும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்புகளுக்கானது. ஆயினும் அதன் நெறி நமக்கும் பொருந்தும்: தேவைக்கு மேல் தனிநபர் தகவலைப் பரப்பக் கூடாது.

இரண்டாவது காரணம் இதனினும் கனமானது. எல்லாப் பிள்ளைகளிடமும் அவ்வெண் இல்லை.

எண் இல்லாத பிள்ளை

நம் சமுதாயத்தில் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. அத்தகைய இந்தியர்களைப் பதிவு செய்வதற்கென்றே 2011ஆம் ஆண்டு 'மைடாஃப்தார்' என்ற இயக்கம் நாடு தழுவிய அளவில் நடத்தப்பட்டது. வீட்டில் பிறந்த குழந்தை, பதிவாகாத திருமணம், காலம் கடந்த பதிவு எனக் காரணங்கள் பல. காரணம் எதுவாயினும் அதனால் துன்பப்படுவது பிள்ளைதான்.

அடையாள எண்ணை முதன்மைச் சாவியாக்கிய தரவுத்தளத்தில் இப்பிள்ளையைப் பதிய முயன்றால் என்ன நடக்கும்? சாவி வெறுமையாக இருக்கக் கூடாது என்பது விதி. கணினி அவ்வரியை ஏற்காது. பதிபவர் நல்ல மனத்தோடு ஒரு குறுக்கு வழி தேடுவார். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் இரண்டு பிள்ளைகளின் பெயருக்கு நேரே 12 சுழியங்கள் இருந்தன. அந்த எண்ணை வைத்தே தலைகளை எண்ணியதால் இருவரும் ஒருவராகிப் போனார்கள். அவ்வாண்டு பயிற்றுநூல் கட்டு வந்தபோது ஒரு நூல் குறைந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பதிந்தவர் ஒரு பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் நினைத்தார். எண் இல்லாத பிள்ளை ஒன்று வரக்கூடும் என்பதை அப்பதிவேட்டின் அமைப்பே எண்ணிப் பார்க்கவில்லை.

தீர்வு எளிது. மாணவர் எண் என்று 1, 2, 3 எனத் தரவுத்தளமே வழங்கும் ஓர் எண்ணைச் சாவியாக வையுங்கள். வகுப்பிற்குள் நுழையும் எந்தப் பிள்ளைக்கும் அது கிடைக்கும். அடையாள ஆவணத்திற்குத் தனி அட்டவணை அமைக்கலாம்:

ஆவணம்: மாணவர் எண், ஆவண வகை, ஆவண எண்

ஆவணம் உள்ள பிள்ளைக்கு இங்கே ஒரு வரி இருக்கும். இல்லாத பிள்ளைக்கு வரி இருக்காது. பொய் எண் எதுவும் தேவையில்லை. அவ்வட்டவணையை யார் பார்க்கலாம் என்று தனியாகக் கட்டுப்படுத்தவும் முடியும்.

பிரித்ததைச் சேர்த்துக் கேட்பது

ஆறேழு அட்டவணைகளாகப் பிரித்துவிட்டோமே, தகவல் வேண்டும்போது ஒவ்வொன்றாகத் தேடுவதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்காக உருவானதே எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி. ஐ.பி.எம். நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் இதன் முதல் வடிவத்தை 1974ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 1986இல் அது அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் 1987இல் அனைத்துலகத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. இன்றும் அதே மொழிதான்.

கணித வகுப்பு இவ்வாரம் இல்லை. யாரையெல்லாம் அழைக்க வேண்டும்? கணித வகுப்பின் எண் 1 என்று கொண்டால் வினவல் இப்படி அமையும்:

செலக்ட் டிஸ்டிங்ட் பாதுகாவலர்.பெயர், பாதுகாவலர்.தொலைபேசி
ஃப்ரம் பதிவு
ஜாயின் மாணவர் ஆன் பதிவு.மாணவர்_எண் = மாணவர்.மாணவர்_எண்
ஜாயின் பாதுகாவலர் ஆன் மாணவர்.பாதுகாவலர்_எண் = பாதுகாவலர்.பாதுகாவலர்_எண்
வேர் பதிவு.வகுப்பு_எண் = 1;

'செலக்ட்' எதைக் காட்ட வேண்டும் என்கிறது. 'ஃப்ரம்' எங்கிருந்து என்கிறது. 'ஜாயின்' சாவிகளைப் பொருத்தி அட்டவணைகளை இணைக்கிறது. 'வேர்' நிபந்தனையைச் சொல்கிறது. 'டிஸ்டிங்ட்' என்பது ஒரே விடை இருமுறை வராமல் தடுக்கிறது. கவிதாவும் முகிலனும் இதே வகுப்பில் இருந்தாலும் அவர்களின் அம்மாவுக்கு ஓர் அழைப்பு போதுமல்லவா? கணினியில் தட்டும்போது இக்கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். ஆனால் அட்டவணைகளின் பெயர்களையும் பத்திகளின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே வைக்க மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய மூன்றும் இடம் தருகின்றன.

இணைப்பில் ஒரு நுட்பத்தைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வெறும் 'ஜாயின்' இருபுறமும் பொருந்துகின்ற வரிகளை மட்டுமே தரும். மாணவர் அட்டவணையையும் ஆவணம் அட்டவணையையும் அவ்வாறு இணைத்துப் பெயர்ப்பட்டியல் எடுத்தால், ஆவணமில்லாத பிள்ளைகள் ஓசையின்றி விடுபட்டுப் போவார்கள். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பட்டியல் முழுமையானது போலவே காட்சி தரும். 'லெஃப்ட் ஜாயின்' என்று கேட்டால் இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளும் வரும். பொருத்தம் இல்லாத இடத்தில் 'நல்' எனப்படும் வெற்றுமதிப்பு நிற்கும்.

செலக்ட் மாணவர்.பெயர்
ஃப்ரம் மாணவர்
லெஃப்ட் ஜாயின் ஆவணம் ஆன் மாணவர்.மாணவர்_எண் = ஆவணம்.மாணவர்_எண்
வேர் ஆவணம்.மாணவர்_எண் இஸ் நல்;

இவ்வினவல், யாருக்கு ஆவணம் இல்லையோ அவர்களை மட்டும் பெயர் சொல்லி எடுத்துத் தரும். முன்பு விடுபட்டுப் போனவர்களே இப்போது பட்டியலாக நிற்கிறார்கள். அவர்களின் குடும்பங்களுக்கு யார் உதவ முடியும் என்று பேச்சைத் தொடங்க இப்பட்டியல் உதவும். 'இஸ் நல்' என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். '= நல்' என்று எழுதினால் ஒரு வரியும் வராது. வெற்றுமதிப்பு என்பது சுழியமும் அன்று, காலியான சொல்லும் அன்று. 'தெரியாது' என்பது அதன் பொருள். தெரியாத ஒன்று தெரியாத இன்னொன்றுக்குச் சமமா என்று கேட்டால், தெரியாது என்பதே விடை.

தமிழில் பெயர் வைப்போர் கவனத்திற்கு

பெயர்களைத் தமிழிலும் சேமிக்க விரும்புவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று நீளம். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடிலோ அது ஐந்து குறிகள், யூ.டி.எஃப்.-8 முறையில் 15 பைட்டுகள். ஆகவே பெயர்ப் பத்திக்குத் தாராளமாக இடம் விடுங்கள். மற்றொன்று அகர வரிசை. யூனிகோடு எண்வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன'வும், 'ர'வுக்கு அடுத்து 'ற'வும் வருகின்றன. நம் நெடுங்கணக்கில் 'ற', 'ன' இரண்டும் இறுதியில் அல்லவா வரும்? வெறும் எண்வரிசைப்படி அடுக்கினால் பட்டியல் பிசகும். தமிழுக்குரிய அகர வரிசை விதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவற்றில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

புதிதாகக் கற்க விரும்புவோருக்கு எஸ்கியூலைட் பொருத்தமானது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட இம்மென்பொருள் இலவசமானது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதால் விரலியில் போட்டு அடுத்த செயலவையிடம் கொடுத்துவிடலாம். ஒரு குறிப்பு: எஸ்கியூலைட்டில் அயல் சாவிக் கட்டுப்பாடு வழக்கமாக அணைந்தே இருக்கும், இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை இயக்க வேண்டும்.

ஆனால் கணினியைத் தொடுமுன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். உங்கள் செயலவையின் கையில் இப்போது இருக்கும் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பத்தியையும் சுட்டி, 'இது யாரைப் பற்றிய செய்தி?' என்று கேளுங்கள். விடை மாறும் இடத்தில் கோடு போட்டுப் பிரியுங்கள். பிரித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி கொடுங்கள். அச்சாவி எல்லோரிடமும் இருக்குமா என்று இன்னொரு முறை கேளுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். செயலவை உறுப்பினர் நால்வர் சேர்ந்து செய்தால் இன்னும் நன்று. ஒருவருக்குத் தெரியாத குடும்பத்தை மற்றவர் அறிந்திருப்பார்.

பேரவையில் ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறுகிறார்கள். அண்ணன் அக்காமார் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். அவர்கள் நினைவில் வைத்திருந்த எண்களும் முகவரிகளும் அவர்களோடு போய்விடுகின்றன. நாம் விட்டுச் செல்லும் பதிவேடு மட்டுமே நமக்குப்பின் வருவோருக்குப் பேசும். அது தெளிவாகப் பேச வேண்டுமானால் ஒரு செய்திக்கு ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி வேண்டும். இவ்வாண்டுச் செயலவையினர் தங்கள் பட்டியலில் ஒன்றையேனும் இம்முறையில் அமைத்துப் பார்க்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். உடன் அமர்ந்து கோடு போட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.